எந்தப் பக்கச் சுவரைப் பிடிக்கிறீர்கள்?

வயதானவர்களிடம் "உங்களால் நடக்க முடியுமா?" என்று தாமரை கேட்பதே இல்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று அவளுக்கு மனப்பாடம். ரவாங்கில் ஒரு பெரியவர், தினமும் காலையில் பாசாருக்குக் காய்கறி வாங்க நடந்தே போய் வருவதாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். அதை நம்பி அவருக்கு ஒரு நாள் முழுக்க ஊர் சுற்றிக்காட்டத் திட்டம் போட்டாள். கோலாலம்பூரில் வண்டியை விட்டு இறங்கி இருபதாவது அடியில் மனிதர் உட்கார்ந்துவிட்டார். பிறகுதான் தெரிந்தது, காய்கறி லோரி அவர் வீட்டு வாசலுக்கே வருகிறது. அவர் நடப்பது கேட் வரைக்கும்தான்.

அதிலிருந்து கேள்வியை மாற்றிக்கொண்டாள். "வீட்டுல பாத்ரூமுக்குப் போறப்ப எந்தப் பக்கச் சுவரப் பிடிச்சிக்குவீங்க?" என்று கேட்பாள். நேரம் என்ன என்று கேட்கிற மாதிரி, வேறெங்கோ பார்த்துக்கொண்டு கேட்பாள். இந்தக் கேள்விக்கு யாரும் பொய் சொல்லத் தயாராக வருவதில்லை. "இடப்பக்கம்" என்று வாய் சொல்லிவிடும், அதற்குப் பிறகுதான் சொல்லிவிட்டோமே என்று முகம் மாறும். அந்த ஒரு பதிலை வைத்து தாமரை மூன்று நாள் பயணத்தையும் போட்டுவிடுவாள்.

அவளுக்கு வயது ஐம்பத்தொன்பது. தாத்தா தண்டவாளம் போட வந்தவர், அப்பா பொதுப்பணி இலாகாவில் சாலைக்குத் தார் ஊற்றியவர். இவள் அரசாங்க மருத்துவமனை ஒன்றில், உடற்பயிற்சி சிகிச்சைப் பிரிவில் இருபத்தெட்டு வருடம் உதவியாளராக இருந்தாள். விழுந்தவர்கள், எலும்பு மாற்றியவர்கள், பக்கவாதம் வந்தவர்கள் எல்லாரும் இரண்டு கம்பிகளுக்கு நடுவே மறுபடி நடை பழகும்போது, பின்னால் நின்று அவர்கள் இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொள்வதுதான் வேலை. "நான் பிடிச்சிருக்கேன், நீங்க நடங்க" என்ற வாக்கியத்தை எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது.

ஓய்வு பெற்ற மறு மாதம் பழைய நோயாளி ஒருவர், உஷாராணி டீச்சர், போன் செய்தார். இரட்டைக் கோபுரத்தைக் கிட்டே நின்று ஒருமுறை பார்க்க வேண்டுமாம். அம்மா விழுந்துவிடுவார் என்று பிள்ளைகள் கூட்டிப் போக மறுக்கிறார்களாம். தாமரை கூட்டிப் போனாள். டீச்சர் சும்மா இருப்பாரா? சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி எடுத்த படத்தைத் தனக்குத் தெரிந்த அத்தனை வாட்ஸ்அப் குழுக்களிலும் போட்டார். நான்கு வருடமாகத் தாமரைக்கு அதுவே தொழிலாகிவிட்டது. காஜாங், செராஸ், ஈப்போ, பினாங்கு என்று எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்தார்கள். கால் வராதவர்களுக்கு கோலாலம்பூர் காட்டுகிறவள் என்று பெயர்.

அவள் திட்டம் போடும் விதம் வேடிக்கையானது. மற்றவர்கள் பார்க்க வேண்டிய இடங்களை முதலில் எழுதுவார்கள். இவள் நோட்டுப் புத்தகத்தில் முதலில் எழுதுவது கழிவறைகள். எது உயரமான இருக்கை, எதில் கைப்பிடிக் கம்பி வலப்பக்கம் இருக்கிறது, எதன் உள்ளே வாளியும் துடைப்பமும் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார்கள், பூட்டின் சாவி யாரிடம். இவற்றை வரிசையாகப் போட்டுவிட்டுத்தான் நடுவில் கோபுரத்தையும் அரும்பொருளகத்தையும் செருகுவாள். காரணம் இருக்கிறது. நம் பெரியவர்கள் பயணம் என்றால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவார்கள். போன இடத்தில் பாத்ரூம் தேட வேண்டாம் பாருங்கள். மத்தியானம் வெயிலில் தலை சுற்றி விழுவார்கள். அதனால் தாமரை வண்டியில் ஏறியதும் முதல் அறிவிப்பாக, "அடுத்த பாத்ரூம் இருபது நிமிஷத்துல வந்துரும், இந்தாங்க தண்ணி" என்று கோப்பையை நீட்டுவாள். குடித்து முடிக்கும் வரை கையை மடக்க மாட்டாள்.

இத்தனை தெரிந்தவளுடைய வலது முழங்கால் தேய்ந்து போயிருந்தது. அது யாருக்கும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டாள்.

எப்படி மறைத்தாள் என்று கேட்டால், அதிலும் அவள் தொழில் தெரிந்தவள். கையில் எப்போதும் நீளமான குடை. இந்த ஊரில் தினமும் சாயங்காலம் மழை பெய்கிறது, குடை வைத்திருப்பவளை யார் என்ன கேட்கப் போகிறார்கள்? அதுதான் அவளுடைய ஊன்றுகோல். குடை இல்லாத நேரங்களில் சக்கர நாற்காலி. தள்ளுகிறவள் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு நடக்கிறாள் என்று யார் கண்டார்கள்? உட்கார்ந்திருப்பவர்தான் நோயாளி, நிற்பவள் ஆரோக்கியசாலி. பார்க்கிறவர்களின் கணக்கு அதுதான்.

ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் அவள் ஒத்திகை பார்ப்பாள். நாற்காலியில் இரண்டு பத்து கிலோ அரிசி மூட்டைகளை வைத்து, பெல்ட் போட்டுக் கட்டி, போக வேண்டிய வழி முழுக்கத் தள்ளிப் பார்ப்பாள். பிரிக்பீல்ட்ஸ் கடைவரிசையில் ஐந்தடி நடைபாதை கடைக்குக் கடை உயரம் மாறும். ஒரு கடைக்காரர் அரையடி ஏற்றியிருப்பார், பக்கத்துக் கடைக்காரர் இறக்கியிருப்பார். எங்கே பலகை போட வேண்டும் என்று அங்கேயே குறித்துக்கொள்வாள். வேன் ஓட்டும் வேலாயுதம் அண்ணன் இதைப் பார்த்துக் கிண்டலடிப்பார்.

"என்ன தாமரை, அரிசிக்கு டூர் காட்டுறியா? அதுக்கும் தண்ணி குடு லா."

"வெறும் நாற்காலியத் தள்ளிப் பாத்தா ஒண்ணும் தெரியாது அண்ணே. வெயிட்டு வேணும்."

சொன்னது உண்மைதான். முழு உண்மை வேறு. வெறும் நாற்காலியின் கைப்பிடியில் உடம்பைச் சாய்த்தால் முன்சக்கரம் எழும்பி அது பின்பக்கமாகக் கவிழ்ந்துவிடும். மேலே பாரம் இருந்தால்தான் அது ஒருவரைத் தாங்கும். வேலாயுதத்துக்கு இது புரியாமல் இல்லை. முப்பது வருடமாக ஆட்களை ஏற்றி இறக்குகிற மனிதர். ஆனால் அவர் அரிசியைத்தான் கிண்டல் செய்வார், முழங்காலைப் பற்றி வாயைத் திறக்க மாட்டார்.

மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்கு மூன்றாவது தடவையாகத் தேதி கொடுத்திருந்தார்கள். முதல் தேதியை, ஒரு காஜாங் தம்பதியின் பொன்விழாப் பயணத்தைச் சாக்குச் சொல்லித் தள்ளிப் போட்டாள். இரண்டாவதுக்குச் சாக்குகூட இல்லை. பயந்தாள், அவ்வளவுதான். மூன்றாவது வரும் பத்தொன்பதாம் தேதி. இதையும் தள்ளினால் பெயர் வரிசையின் கடைசிக்குப் போய்விடும் என்று தாதி போனில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வருவதா இல்லையா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். ஜொகூரில் இருக்கும் மகன் பிரவின் வாரம் தவறாமல், "அம்மா, இந்தத் தடவ போயிருவீங்கல்ல?" என்று கேட்பான். "போறேன் லா" என்பாள். தள்ளத்தான் போகிறாள். அடுத்த மாதம் பினாங்கிலிருந்து ஆறு பேர் வருகிறார்கள். தாமரைக்கே கால் சரியில்லையாம் என்று ஒரு குழுவில் ஒருவர் எழுதினால் போதும், அதற்குப் பிறகு போன் அடிக்காது. நடக்க முடியாதவர்களை நடக்க முடியாதவள் கூட்டிப் போவதா என்பார்கள். அப்புறம் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது? அறுவை சிகிச்சையைவிட அந்தச் சும்மா இருப்பதுதான் அவளுக்குப் பெரிய பயம்.

இந்த நிலையில்தான் பெர்த்திலிருந்து ராஜினி கூப்பிட்டாள். சிரம்பானில் இருக்கும் அப்பா அம்மாவை மூன்று நாள் கோலாலம்பூர் கூட்டிப் போக வேண்டும். அப்பாவுக்கு எண்பத்தொன்று, மெதுவாக நடப்பார். அம்மாவுக்கு எழுபத்தொன்பது, இடுப்பு எலும்பு முறிந்து கம்பி வைத்தது, நான்கு வருடமாக ஆஸ்பத்திரியைத் தவிர வேறெங்கும் போனதில்லை.

"அம்மாவைத் தூக்கி வைக்க வேண்டி வரும். யூ ஆர் ஃபிட், இல்லையா?" என்று ராஜினி கேட்டாள்.

"எனக்கென்ன, நல்லா இருக்கேன்" என்றாள் தாமரை. ரவாங் பெரியவர் சொன்ன அதே தொனியில் சொன்னாள். போனை வைத்த பிறகு அது அவளுக்கே உறைத்தது.

சிரம்பான் வீட்டுக்குப் போய்ப் பார்த்தாள். சிவகுருநாதன் ரயில்வேயில் நிலைய அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் இருக்கும்போதும் சட்டையை உள்ளே விட்டு இடைவார் கட்டியிருந்தார். அவர் மனைவி குணபூசணி, தொலைபேசி நிலையத்தில் இருபத்தைந்து வருடம் வேலை பார்த்து மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவர். மூன்று தலைமுறை மலேசியாவில் இருந்தும் இரண்டு பேர் வாயிலும் யாழ்ப்பாணத் தமிழ் கலையாமல் இருந்தது.

"நான் நடப்பன் பிள்ளை. மகள் சும்மா பயப்பிடுறாள்" என்றார் குணபூசணி, கேட்பதற்கு முன்பே.

தாமரை சாமி படங்களைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "பாத்ரூமுக்குப் போறப்ப எந்தப் பக்கச் சுவரப் பிடிச்சிக்குவீங்க ஆன்டி?"

குணபூசணி அவளைக் கூர்ந்து பார்த்தார். இருபத்தைந்து வருடம் முகம் தெரியாதவர்களின் குரலை மட்டும் கேட்டுக் கேட்டு, யார் மறைக்கிறார் யார் தயங்குகிறார் என்று கண்டுபிடித்தவர். ஒரு கெட்டிக்காரியை இன்னொரு கெட்டிக்காரி அடையாளம் கண்டுகொண்ட மாதிரி லேசாகச் சிரித்தார்.

"இடப்பக்கம். பிறகு அலுமாரி. பிறகு கதவு."

கூடத்துச் சுவரில், கை உயரத்தில், உள்ளங்கை பட்டுப் பட்டு ஒரு பழுப்புக் கோடு ஓடியிருந்தது. தாமரை அதைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பினாள். கிள்ளானில் அவள் வீட்டுச் சுவரிலும் அப்படி ஒரு கோடு உண்டு. சனிக்கிழமைதோறும் சோப்புத் தண்ணீர் போட்டுத் துடைத்துவிடுவாள்.

செவ்வாய்க்கிழமை காலை பயணம் தொடங்கியது. வேலாயுதம் வேனைக் கேட்டுக்குள் பின்னால் எடுத்து நிறுத்தினார். முதல் நாள் பழைய ரயில் நிலையம். சிவகுருநாதனின் ஒரே விருப்பம் அது. அவர் பிளாட்பாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, வந்து போகிற ரயில்களைக் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஒன்று மூன்று நிமிடம் பிந்தி வந்தபோது அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. "எங்கட காலத்திலை இப்பிடி விடமாட்டம்" என்றார். ஒரு மணி நேரத்துக்குத் திட்டம் போட்டிருந்தாள், இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். அதைத் தாமரை முன்பே எதிர்பார்த்து அடுத்த இடத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டிருந்தாள். வயதானவர்களுக்குத் திட்டம் போடும்போது பட்டியலில் பாதியை அடித்துவிட வேண்டும், மிச்சத்தில்தான் அவர்கள் சந்தோஷமாக இருப்பார்கள் என்பது அவள் கண்டது.

சாயங்காலம் பிரிக்பீல்ட்ஸில், ஹோட்டலுக்குப் பக்கத்துத் தெருவில், குணபூசணியை நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனாள். பார்வையற்றவர்களுக்காகப் பதித்த மஞ்சள் புடைப்புக் கற்கள் நடைபாதை நெடுகிலும் ஓடுகின்றன. அதன் மேல் ஏறினால் நாற்காலி கடகடவென்று ஆடும். அதைத் தவிர்த்து ஓரமாகவே தள்ளினாள். மாலைக் கடைகள், பூ வாசனை, மசால் வடை பொரியும் எண்ணெய் வாசனை. குணபூசணி கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிள்ளை, இந்தக் கதிரையிலை ஒரு சில்லு சரியில்லையோ?"

"ஏன் ஆன்டி? ஆடுதா?"

"ஆடேல்லை. வலப்பக்கம் இழுக்குது. ரெண்டு அடிக்கு ஒருக்கா."

ஹோட்டலுக்குத் திரும்பியதும் வேலாயுதத்திடம் சொல்லிச் சக்கரத்துக்கு எண்ணெய் விடச் செய்தாள். அவர் நாற்காலியைக் கவிழ்த்து நான்கு சக்கரங்களையும் சுற்றிப் பார்த்தார். நான்கும் நன்றாகவே ஓடின. அவர் ஒரு தடவை தாமரையின் காலைப் பார்த்தார், பிறகு எண்ணெய் விட்டார்.

இரண்டாம் நாள் கிள்ளான். அங்கே சேலைக் கடை ஒன்றின் வாசலில் நாலு அங்குலப் படி இருப்பது நோட்டுப் புத்தகத்தில் இருந்தது. பலகை போட்டு ஏற்றினார்கள். குணபூசணிக்கு நான்கு வருடமாக எல்லாத் துணியும் மகள் பெர்த்திலிருந்து அனுப்புவதுதான். எல்லாமே பூப்போட்ட நைட்டி. வெளியே போகாதவருக்குச் சேலை எதற்கு என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் யாரும் வாங்கியும் தரவில்லை. கடைப்பெண் மெத்தையில் ஒவ்வொன்றாக விரித்துப் போட, குணபூசணி ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். கரையைத் தடவிப் பார்ப்பார், வெளிச்சத்தில் பிடிப்பார், வேண்டாம் என்பார், மறுபடி அதையே கேட்பார். கடைசியில் மயில்கழுத்து நிறத்தில் ஒன்று. "நாளைக்குக் கோயிலுக்கு இதைத்தான் உடுப்பன்" என்று அதை மடியில் வாங்கி வைத்துக்கொண்டார். தாமரைக்குக் கண் கலங்கியது. இந்த மாதிரி ஒரு நிமிடத்துக்காகத்தான் இந்த வேலையை விட மனம் வரவில்லை என்று நினைத்துக்கொண்டாள். பத்தொன்பதாம் தேதியைத் தள்ளிவிட வேண்டும் என்ற முடிவு அந்தக் கடையில் இன்னும் கெட்டிப்பட்டது.

மூன்றாம் நாள், வியாழக்கிழமை காலை, பிரிக்பீல்ட்ஸில் ஒரு கோயில். விடியற்காலையிலிருந்தே மழை. கோயிலைப் பொறுத்தவரை தாமரைக்கு ஓர் ஏற்பாடு உண்டு. தெருவில் உருண்ட சக்கரம் உள்ளே போகக் கூடாது என்பதால் வெளி நாற்காலியைப் பக்கவாசலில் நிறுத்திவிடுவார்கள். கோயிலுக்கென்று கழுவித் துடைத்த நாற்காலி ஒன்று உள்ளே இருக்கும். அதைக் கோயில் தொண்டர் ஒருவர் தள்ளுவார். குடையும் செருப்போடு வெளியே. ஆக, உள்ளே போனால் அவளுக்குக் குடையும் இல்லை, கைப்பிடியும் இல்லை. அதனால் அவள் உள்ளே போவதே இல்லை. "நான் செருப்பப் பாத்துக்கிறேன், நீங்க நிம்மதியா கும்பிட்டுட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவாள். நான்கு வருடத்தில் எத்தனையோ பேரைக் கோயிலுக்குக் கூட்டி வந்திருக்கிறாள், ஒரு தடவைகூட அவள் சாமியைப் பார்த்ததில்லை. என்ன பணிவு, என்ன பொறுப்பு என்று வந்தவர்கள் மெச்சிக்கொள்வார்கள்.

இன்றைக்கும் அதையே சொன்னாள். மயில்கழுத்துச் சேலையில் குணபூசணி கோயில் நாற்காலிக்கு மாறி உட்கார்ந்திருந்தார்.

"செருப்பை ஆர் களவெடுக்கப் போறாங்கள்? உம்மடை பேரிலையும் அருச்சனைச் சீட்டு எடுத்தாச்சு. நீரும் வாரும்."

"பரவால்ல ஆன்டி, நீங்களே சொல்லிருங்க, பேரு தாமரை, பூராடம்..."

"அருச்சனைக்கு ஆள் வேணும். வாரும்."

சாமி காரியத்தில் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? சிவகுருநாதன் வேறு அர்ச்சனைத் தட்டை ஏந்திக்கொண்டு காத்து நின்றார். தாமரை குடையை வாசலில் சாய்த்து வைத்தாள். வேலாயுதம் வேனில் இருந்தார். அவள் பக்கவாசல் சரிவில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

தொண்டர் முன்னால் தள்ளிக்கொண்டு போனார். மழைச்சாரல் பட்டுத் தரை ஈரமாக இருந்தது. தாமரை முதல் தூணைப் பிடித்தாள், பிறகு இரண்டாவது தூண். ஒவ்வொன்றிலும் நின்று சாமியைக் கும்பிடுகிறவள் போலக் கையைக் குவித்தாள். மூன்றாவது தூணோடு தூண் வரிசை முடிந்துவிட்டது. அங்கிருந்து சன்னதி வாசல் வரைக்கும் வெறும் தரை. ஒரு பத்துப் பன்னிரண்டு அடி இருக்கும். இருபத்தெட்டு வருடம் மற்றவர்களை நடக்க வைத்தவள் அந்தப் பன்னிரண்டு அடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கால் எடுக்க வரவில்லை. எடுத்தால் விழுவாள், அது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"நிப்பாட்டுங்கோ" என்றார் குணபூசணி தொண்டரிடம். "திருப்புங்கோ."

நாற்காலி திரும்பி அவளுக்கு நேரே வந்து நின்றது. குணபூசணி அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, தாமரை அன்று சாமி படங்களைப் பார்த்த மாதிரி, மேலே மண்டபத்துச் சுதைச் சிற்பங்களைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"பிள்ளை, வீட்டிலை பாத்ரூமுக்குப் போகேக்கை எந்தப் பக்கச் சுவரைப் பிடிக்கிறனீர்?"

"வலப்பக்கம் ஆன்டி" என்றது தாமரையின் வாய். "அப்புறம் ஃபிரிஜ்."

சொன்ன பிறகுதான் அவளுக்கு முகம் சூடாகியது.

"மூண்டு நாளா அந்தக் கதிரை ரெண்டு அடிக்கு ஒருக்கா வலப்பக்கம் இழுத்தது. சில்லு எண்டு நினைச்சன். இந்தத் தம்பி தள்ளேக்கை நேராப் போகுது. நான் இருக்கிறது கதிரையிலை, எனக்குத் தெரியாதோ தள்ளுற காலின்ரை நொண்டல்?"

தொண்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. சிவகுருநாதன் தட்டோடு திகைத்து நின்றார். தாமரை தூணை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிட்டது. தேய்ந்த முட்டி, இரண்டு தடவை தள்ளிய தேதி, மூன்றாவது தேதி பத்தொன்பது, நாளைக்குப் போன் செய்து அதையும் தள்ளப் போவது.

"ராஜினிகிட்ட மட்டும் சொல்லிராதீங்க ஆன்டி. அப்புறம் என்னைய யாரும் கூப்பிட மாட்டாங்க."

"சொல்லத்தான் போறன். நொண்டிக் காலோடை மூண்டு நாள் என்னைக் கொண்டு திரிஞ்சவள், கால் சரியானால் எங்கையெல்லாம் கொண்டு போவாள் எண்டு கேக்கப் போறன். எங்களுக்கு மலாக்கா பாக்க வேணும். அவசரமில்லை, ஆறு மாசம் பொறுப்பம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இடுப்பு முறிஞ்சு கிடந்த நேரம் நானும் எல்லாருக்கும் நடப்பன் எண்டுதான் சொன்னனான். சொல்லிச் சொல்லி நாலு வருசம் வீட்டுக்குள்ளை இருந்தன். நீர் அப்பிடி இருக்க வேண்டாம் பிள்ளை."

தாமரை அழுதாள். கோயிலில் அழுவதில் ஒரு வசதி, யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

"சரி, இப்ப அங்கை போக வேணும்" என்று குணபூசணி நாற்காலியின் பிரேக்கைத் தானே போட்டார். "இஞ்சேருங்கோ, என்ரை இந்தப் பக்கம் வாங்கோ" என்று கணவரைக் கூப்பிட்டார். ஒரு கையைக் கணவரின் தோளிலும் ஒரு கையை நாற்காலியின் கையிலும் ஊன்றி எழுந்தார். சேலைக் கொசுவத்தைச் சரி செய்துகொண்டார். தொண்டர் பிரேக்கை எடுத்து நாற்காலியைச் சன்னதிப் பக்கம் திருப்பி நிறுத்த, அதன் பின்பக்கம் வந்து கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டார்.

"இரும்" என்றார் தாமரையிடம், இருக்கையைக் காட்டி.

"ஐயோ ஆன்டி, நானா? வேணாம் ஆன்டி, நீங்க..."

"வெறுங் கதிரையிலை சாஞ்சு நடந்தால் அது கவிழும். பாரம் வேணும். இது உமக்கு நான் சொல்லித் தர வேணுமோ?"

தாமரைக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அரிசி மூட்டை ஞாபகம் வந்தது. தூணை விட்டு, ஓர் எட்டு எடுத்து, நாற்காலியில் உட்கார்ந்தாள். அதில் இறங்கிய பிறகுதான் எத்தனை நாளாக அந்தக் கால் வலித்துக்கொண்டே இருந்தது என்று உறைத்தது. தொண்டர் பயந்துபோய் ஒரு பக்கம் வந்தார், சிவகுருநாதன் தட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு மனைவியின் இடுப்பருகே கையை வைத்துக்கொண்டார்.

குணபூசணி தள்ளினார். ஓர் அடி. நிறுத்தம். இன்னோர் அடி. நாற்காலி இப்போது இடப்பக்கம் இழுத்தது. தாமரை பின்னால் திரும்பிப் பார்க்காமலே கால் வைக்கும் சத்தத்தை எண்ணிக்கொண்டு, பழக்கதோஷத்தில், "மெதுவா, குதிகால முதல்ல வைங்க" என்றாள்.

"வாயை மூடிக்கொண்டு சாமியைப் பாரும்" என்றார் குணபூசணி.

பார்த்தாள். நான்கு வருடத்துக்குப் பிறகு பார்த்தாள். சன்னதி வாசலுக்கு வந்து சேர்ந்தபோது குணபூசணிக்கு மூச்சு வாங்கியது, ஆனால் நின்றுகொண்டிருந்தார். சிவகுருநாதன் கைக்குட்டையால் முதலில் மனைவியின் நெற்றியைத் துடைத்துவிட்டு, பிறகு தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

குருக்கள் வந்தார். நாற்காலியில் இருப்பவரைத்தான் முதலில் கேட்பது அவர் வழக்கம். தாமரையின் முன் குனிந்தார்.

"பேரு, நட்சத்திரம்?"

"எனக்கில்ல சாமி, ஆன்டிக்குத்தான் முதல்ல..." என்று அவள் திரும்பினாள்.

கைப்பிடியைப் பிடித்திருந்த கைகள் விடவில்லை. "சொல்லும் பிள்ளை" என்றது பின்னாலிருந்து குரல்.

"தாமரை. பூராடம்."

"வேண்டுதல் ஏதாவது உண்டாம்மா?"

தாமரை கையைக் குவித்தாள்.

"வலது முட்டி ஆபரேஷன் சாமி. பத்தொன்பதாம் தேதி, காலையில எட்டு மணிக்கு."

குருக்கள் பெயரையும் நட்சத்திரத்தையும் தேதியையும் ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு, தட்டோடு உள்ளே போனார்.